செவந்தியின் ஆறு சுற்று

ஆற்றில் வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது. செவந்தி என்ற நீர்நாய் தன் நான்கு குட்டிகளையும் எதிரே இருந்த மேட்டுக்கரைக்குக் கொண்டுபோயாக வேண்டும். முதல் நாளே இரண்டைக் கவ்விச் சென்று, அங்கே காத்திருந்த அவற்றின் அப்பனிடம் சேர்த்துவிட்டாள். திரும்பி வந்தபோது கால்கள் மரத்துப் போயிருந்தன.

மறுநாள் காலை, கரையோரம் இழுப்பில்லாத தண்ணீரில் மெல்ல நீந்தத் தொடங்கினாள். மரத்திலிருந்த மாசான் என்ற நீர்க்காகத்துக்குப் பதறியது.

"ஏ செவந்தி, நாளைக்கு இன்னும் இரண்டு குட்டியைக் கொண்டுபோகணும். படுத்துக் கிடக்காம எதுக்கு இந்த நீச்சல்?"

"படுத்தா உடம்பு இறுகிடும் மாசான். ஆறே சுற்றுதான். உன்கூடப் பேசிக்கிட்டே நீந்தணும். பேச முடியாம மூச்சு வாங்கினா வேகத்தைக் குறைச்சிடுவேன்."

எதிரே மீன் துள்ளியது. அவள் துரத்தவில்லை. ஆறாவது சுற்று முடிந்ததும், தெம்பிருந்தும் கரையேறிவிட்டாள். இந்த அடக்கம் தனக்கு வராது என்று மாசானுக்குத் தோன்றியது.

அடுத்த நாள் ஆறு இன்னும் சீறியது. மாசான் அக்கரைக்குப் பறந்துபோய்க் காத்திருந்தான். மூன்றாவது குட்டி வந்து சேர்ந்தது. நான்காவதோடு அவள் சுழலில் மறைந்தபோது அவனுக்கு உயிரே போனது. சற்றுத் தள்ளித் தலை தெரிந்தது. நிதானமாக நீந்தி வந்து, குட்டியை இறக்கி, நான்கையும் நக்கிக் கொடுத்தாள்.

பக்கத்தில் நின்ற கொக்கு, "யாரு இவ?" என்று கேட்டது.

மாசான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"எங்க கரைக்காரி!"