நானூறு பக்கம்

“வந்துடுமாடா?”

அக்கா மறுபடியும் கேட்டாள். வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக் கழற்றியதோடு சரி, தோளில் தொங்கிய பையைக்கூட இன்னும் இறக்கவில்லை.

“பொறுக்கா. இப்பதானே வந்தேன்,” என்றான் தம்பி, மேஜைக்கடியில் குனிந்தபடி. அவனும் அலுத்துப்போய்த்தான் இருந்தான். பகல் முழுக்க ஊரார் கம்ப்யூட்டர்களோடு மல்லுக்கட்டுவதுதான் அவன் பிழைப்பு.

சுவிட்சைப் போட்டான். உள்ளே விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி வந்து நின்றது. அதற்கு மேல் அசையவில்லை. ஒயரைப் பிடுங்கி வேறு ஒயர் செருகினான். அதே வரி. பெட்டியில் காதை வைத்துக் கேட்டான். டக், டக் என்று ஏதோ தட்டிக்கொண்டே இருந்தது.

“ஹார்ட் டிஸ்க் போச்சுக்கா. அதான் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே மாட்டேங்குது. புதுசு போட்டா ஓடும். ஆனா பழசுல இருக்குறதுதான்...”

“அதத்தான் கேக்குறேன். அது வருமா?”

அறை வாசலில் அக்காவின் கணவர், மாமா, வந்து நின்றார். சவரம் செய்யாத முகம். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார்.

“அதுல நானூறு பக்கம் இருக்கு மாப்ள.”

“வேற எங்கயாவது காப்பி போட்டு வச்சீங்களா மாமா?”

“இல்ல.”

சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

கல்லூரி வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிப் பட்டத்துக்கு உட்கார்ந்தவர் மாமா. பழைய ஆற்றுப் பாலங்களைப் பற்றிய ஆராய்ச்சி. இதோ முடிகிறது, அதோ முடிகிறது என்று எட்டு வருஷம் ஓடிவிட்டது. அத்தனை வருஷமும் குடும்பம் அக்கா தலையில். பகலில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம், சாயங்காலம் இன்னொன்று. இந்த மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவை ரத்து செய்துவிடுவோம் என்று பல்கலைக்கழகம் கறாராகச் சொல்லியிருந்தது. அந்த நேரம் பார்த்து இப்படி.

தம்பி டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டினான். கொஞ்சம் திறந்தது. ஒரு ஃபைலை இழுத்ததும் அப்படியே உறைந்துபோனது. பிடுங்கி, சூடு ஆறும்வரை காத்திருந்து மறுபடி மாட்டினான். மறுபடியும் உறைந்தது. முதுகு வலித்தது. போதும் என்று எழுந்து போய்விடலாம்போல இருந்தது. அக்கா முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டான்.

“ஒரு பக்கம்கூட வராதாடா?” என்றாள் அவள், தேநீரை நீட்டியபடி.

“வரும்கா. எப்படியாவது வர வைக்கிறேன். நீ போய்க் கொஞ்சம் படு.”

அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பாவம், எட்டு வருஷ உழைப்பு அவளுடையதும்தானே என்று நினைத்துக்கொண்டான்.

ராத்திரி வெகுநேரம் கழித்து டிஸ்க் மனம் இரங்கியது. ‘ஆய்வேடு’ என்ற ஃபோல்டர் முழுசாக வந்து சேர்ந்தது. உள்ளே ஏழு ஃபைல், ஏழு அத்தியாயம். தம்பிக்கு அப்பாடா என்றிருந்தது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதல் ஃபைலைத் திறந்தான்.

தலைப்பு இருந்தது. அதன் கீழே நன்றியுரை, ‘என் மனைவி இல்லாவிட்டால் இது இல்லை’ என்று. அடுத்த பக்கத்தில் ‘அத்தியாயம் ஒன்று’. அதன் கீழே பாதியில் நின்ற ஒரு வாக்கியம்.

இரண்டாவது ஃபைல் காலி. மூன்றாவதும் காலி. ஏழையும் திறந்து பார்த்தான். டிஸ்க் கோளாறாக இருக்குமோ என்று வேறு வழியிலும் சோதித்தான். கோளாறு இல்லை. எழுதவே இல்லை.

அடுப்படியில் அக்கா பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. இதை அவளிடம் எந்த வாயால் சொல்வது? வந்த ஃபோல்டரை லேப்டாப்பிலிருந்து அழித்தான். டிஸ்க்கைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டான். பிறகு இரண்டு பேரையும் கூப்பிட்டான்.

“ஒண்ணும் தேறல மாமா. எல்லாம் போச்சு.”

மாமா கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியிருந்தது. ஆனால் குனிந்தே கிடந்த முதுகு லேசாக நிமிர்ந்தது.

“விடு மாப்ள. நம்ம கையில என்ன இருக்கு? நாளைக்கே போய்ப் பழைய காலேஜ்ல ஏதாவது வேலை இருக்கான்னு கேக்குறேன்.”

தம்பி அவர் கண்ணைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அக்கா கூடவே வந்து கதவை வெளியிலிருந்து சாத்தினாள். மாடிப்படியிலேயே உட்கார்ந்தாள்.

“நெஜமாவே வராதா? வேற யாராவது பெரிய ஆள்கிட்ட காட்டினா?”

“யார்கிட்ட காட்டினாலும் வராதுக்கா. மனச விட்டுடாத.”

“நான் எதுக்குடா விடப்போறேன்?” அக்கா குரலைத் தணித்துக்கொண்டாள். “உள்ள ஒண்ணுமே இல்லன்னு போன வருஷமே தொறந்து பாத்துட்டேன். அத அவரு எப்படி வாயத் தொறந்து சொல்லுவாரு? அதான், வீடு பெருக்குற சாக்குல, கம்ப்யூட்டர் ஓடிட்டிருக்கும்போதே தினம் பொட்டிக்கு ஒரு உதை விட்டேன். நீ வந்து உக்காந்து ‘வர வைக்கிறேன்’னதும் எனக்கு உயிரே போயிடுச்சுடா.”