நாலு ஏக்கர் திட்டு

கட்டைவிரல் மையை முந்தானையில் துடைத்தபடி பத்திரப்பதிவு ஆபீஸ் படியிறங்கி வந்தாள் கொளஞ்சியம்மாள். முகத்தில் துளி வருத்தமில்லை. எதிரே வேப்பமரத்தடியில் நின்ற பிரிசில்லாவுக்கு வயிறு எரிந்தது.

மூன்று வருஷம்! பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் இருக்கும் அந்த மணல் திட்டைக் காப்பாற்ற வனத்துறையும் அவள் வேலை பார்க்கும் அறக்கட்டளையும் கைகோத்திருந்தன. ஒரே தடை, நாலு ஏக்கர் பட்டா கொளஞ்சியம்மாள் பேரில் இருந்ததுதான். முதுநகரிலிருந்து பஸ் ஏறி ஏறிப் பிரிசில்லாவுக்குச் செருப்பு தேய்ந்ததே மிச்சம். "பாக்கலாம் பாப்பா" என்பதற்கு மேல் அந்த அம்மாள் பிடி கொடுக்கவில்லை.

இன்று ஒரு ரிசார்ட்காரருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. வெள்ளை பேன்ட்டில் சேறு படுமென்று கரையில் நின்றே திட்டைப் பார்த்துவிட்டுப் போன மகராசன் அவர்.

காலையில்கூடப் பிரிசில்லா படகில் போய் ஆலாப் பறவைகளின் முட்டைகளை எண்ணிவிட்டு வந்தாள். வழியில் தண்ணீருக்கு நடுவே நட்டு வைத்தாற்போல் ஒரு கல். அதன்மேல் நீர்க்காக்கா ஒன்று இறக்கையை உலர்த்திக்கொண்டிருந்தது. படகோட்டி அந்தோணிசாமி அதைச் சுற்றி வளைத்து ஓட்டினார். மணலில் நூற்றுப் பன்னிரண்டு முட்டைகள் இருந்தன. அடுத்த வருஷம் அங்கே நீச்சல் குளம் இருக்கும்.

சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"எனக்கு ஏம்மா தரல?" என்றாள்.

"ஒனக்கு எழுதித் தந்தா பாவம் பாப்பா."

"அவருக்கு மட்டும் தரலாமா?"

"வித்துத்தான் ஆவணும்னு ஆள் வச்சு மெரட்டுனான். வித்துட்டேன்." கொளஞ்சியம்மாள் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நீர்க்காக்கா குந்துற கல்லு ஒண்ணு தண்ணிக்குள்ள நிக்கிதே, பாத்தியா? அதான் என் நெலத்தோட எல்லக்கல்லு. தானே புயலுக்கப்புறம் திட்டு வடக்கால நவுந்துடுச்சு. இப்ப இருக்குறது புதுசா ஒதுங்குன மண்ணு, சர்க்காருக்குச் சேந்தது. ஒங்காளுங்க தாராளமா வேலி போடலாம். முன்னாடியே சொல்லியிருந்தா அவன் உஷாராயிருப்பான்."

பிரிசில்லாவும் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்ப அவரு வாங்குனது?"

"வெறுந் தண்ணி."