இன்னொரு அகப்பை

"சேர், உங்கட வகுப்பு நிருஷாவைக் கஞ்சி வரிசையில இருந்து எடுத்துவிடுங்க. இண்டைக்கும் மூண்டு தரம் வாங்கிட்டாள்!"

சொல்லும்போதே உப அதிபர் கேதீஸ்வரி ரீச்சருக்கு மூச்சு வாங்கியது. கஞ்சிக் கொட்டிலிலிருந்து நேராக வந்திருந்தார்.

விஜிதரன் திருத்திக்கொண்டிருந்த கொப்பியை மூடினார். "பசிக்குதாக்கும், ரீச்சர்."

"பசியா? அவட தாய் குவைத்தில. வாவிக்கரையில அவவுக்கெண்டே மாடிவீடு எழும்புது. நேற்று வரிசையில கடைசியா நிண்ட ரெண்டு பிள்ளைகளுக்குப் பானையில ஒண்டும் இல்ல. இல்லாததுகள்ட வாயில மண் போடுற வேலை இது."

வசதி குறைந்த பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடத்துக்கு மேலதிக நிதி வந்தபோது ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சப்பாத்து என்றார் ஒருவர், புத்தகப்பை என்றார் இன்னொருவர். பசி வந்தால் காது அடைத்துப்போகும், அடைத்த காதில் என்ன பாடம் ஏறும் என்று காலைக் கஞ்சிக்காக வாதாடி வென்றவர் விஜிதரன்தான். வரிசையில் வந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்து நீ ஏழையா என்று யாரும் கேட்கக் கூடாது என்பதும் இவருடைய ஏற்பாடு.

காய்ச்சுவதும் பரிமாறுவதும் தாய்மார். முறை வைத்து வந்தார்கள். செங்கலடிச் சந்தையில் வாங்கும் பயறு வீணாகிவிடக் கூடாதென்று கேதீஸ்வரி ரீச்சர் தன் பங்குக்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். "முதல்ல ஒரு அகப்பைதான் ஊத்தோணும். பிள்ளையிட்டக் கேட்டுத்தான் மறுகா ஒரு அகப்பை."

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. நிருஷா கேட்கக் கேட்கக் காணாது, இன்னும் வேணும் என்றாள்.

"அதிபரிட்டச் சொல்ல முதல் நான் ஒருக்கா அவட வீட்ட போய்ப் பார்த்திட்டு வாறன்" என்றார் விஜிதரன். ஊரில் மாடி எழும்பினால் உள்ளே அடுப்பும் எரிகிறது என்று அர்த்தமில்லை. தாய் அனுப்புகிற காசெல்லாம் சீமெந்தாகப் போய், பிள்ளை பட்டினி கிடக்கிறதோ என்று அவருக்கு உள்ளூரச் சந்தேகம்.

பின்னேரம் போனார். கீழ்வீட்டுக்குத் தரை ஓடு பதித்தாகிவிட்டது. மேலே தூண்கள் மட்டும் நின்றன. முன்பக்கச் சின்னக் கடையில் இருந்த நிருஷாவின் பெரியம்மா எழுந்து வந்தாள்.

"வாங்க சேர், இரிங்க. என்ன இந்தப் பக்கம்?"

"பிள்ளை விடியச் சாப்பிட்டிட்டோ பள்ளிக்கு வாறா?"

பெரியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "நாங்க பட்டினி போடுறம் எண்டு ஆர் சேர் சொன்ன? உள்ளுக்கு வந்து பாருங்க!"

குசினி மேசையில் மூடியிருந்த சட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். சோறு, வாவி இறால் குழம்பு, முட்டைப் பொரியல்.

"விடியவே சமைச்சு மூடி வைச்சிட்டுத்தான் கடையைத் திறக்கிறன். பக்கத்தில இருக்க எனக்கு நேரமில்ல சேர். தானே எடுத்துப் போட்டுத் தின்னுவாள். தின்ன கோப்பையும் கழுவிக் கவிட்டிருக்கும். ஒரு குறை வைக்கல்ல."

"அம்மா கதைக்கிறவவோ?"

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் எடுப்பா. அதிலயும் மேசன் வந்தவனோ, கல் இறங்கினதோ எண்டுதான் கேட்டு முடியுது. எல்லாம் இவளுக்காகத்தானே சேர். நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி எண்டா வீடில்லாம எப்பிடி?"

திரும்பும்போது விஜிதரனுக்கு வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இறால் குழம்போடு சாப்பிட்டுவிட்டு வந்து, இல்லாத பிள்ளைகளின் கஞ்சிக்குப் போட்டி போடுகிறாளே! ஊரெல்லாம் வாதாடி வாங்கிய கஞ்சி அது. நாளைக்கு வரிசையிலிருந்து எடுத்துவிடுவதென்று முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் காலை கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாவிக் காற்று புகையை உள்ளே தள்ளியது. அன்று அதே வகுப்புத் தக்ஷாயினியின் அம்மாவின் முறை. குனிந்து குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"காணுமா மகன்?"

"காணும்." பையன் ஓடிவிட்டான்.

நிருஷாவின் முறை வந்தது. ஒரு அகப்பை. அங்கேயே நின்று குடித்தாள். "காணாது." இன்னொரு அகப்பை. "காணாது." மூன்றாவது அகப்பை தொண்டைக்குள் இறங்க மாட்டாமல் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். நான்காவதுக்கும் கோப்பையை நீட்டினாள்.

"நிருஷா, இஞ்ச வா."

கோப்பையோடு வந்தாள்.

"வீட்ட சாப்பிட்டிட்டுத்தானே வந்த நீ?"

"ஓம், சேர்."

"பசிக்குதா இப்ப?"

இல்லையென்று தலையாட்டினாள்.

"பிறகென்ன? நாளையில இருந்து நீ இந்த வரிசையில நிக்கக் கூடாது. இது பசிச்ச பிள்ளைகளுக்கு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "எனக்குக் கஞ்சி வேணாம் சேர். ஒரு சொட்டு ஊத்தினாக் காணும். வரிசையில மட்டும் நிக்கிறன், சேர்."

"கஞ்சி வேணாமெண்டா வரிசையில நிண்டு என்ன செய்யப்போறாய்?"

நிருஷா கொட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாதென்பதுபோல மெல்லச் சொன்னாள்.

"'காணுமா மகள்' எண்டு கேக்கிறாங்க, சேர். காணும் எண்டு சொல்லிட்டா மறுகா கேக்கமாட்டாங்க."