எழுத்தும் குரலும்

மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தான்.

உள்ளே அவன் மனைவி செவ்வந்தி கதை வாசிக்கத் தொடங்கியிருந்தாள்.

ஒலிப்பதிவு முடியும்வரை வீட்டில் சத்தம் கூடாது. குக்கர் வைக்கக் கூடாது. குழாயைத் திறக்கக் கூடாது. இருமல் வந்தால் மொட்டை மாடிக்குப் போய் இருமிவிட்டு வர வேண்டும். எல்லாம் அவன் போட்ட சட்டங்கள்தான். அவன் உள்ளே வாசித்த காலத்தில் செவ்வந்திக்காகப் போட்டவை.

வியர்த்துக் கொட்டியது.

கதை அவனுடையது.

ஆறுகள் மிருகங்களைப் போலப் படுத்துத் தூங்கும் ஒரு நாடு. அவற்றை எழுப்பத் தெரிந்த ஒரே பெண், ஆரல். பத்து வருடமாக அவன் குடியிருப்பது அந்த நாட்டில்தான். ரேஷன் கார்டு மட்டும் இங்கே. காலையில் காபி கொடுக்கும்போது செவ்வந்தி கேலி செய்வாள். உங்க ஆறு எந்திரிச்சிருச்சா?

புத்தக அட்டைகளில் இருப்பது அவள் பெயர்.

முதல் கதையைத் தன் பெயரில் அனுப்பியபோது வார இதழிலிருந்து பதிலே வரவில்லை. அதே கதையை மனைவி பெயரில் அனுப்பினான். படம் போட்டு வெளியிட்டார்கள். நம் ஊரில் மனைவி பெயரில் எழுதிய முதல் ஆண் அவன் இல்லை. கொஞ்சம் பேர் வாங்கியதும் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டான்.

புத்தகங்கள் விற்கவில்லை. அதனால் பாட்காஸ்ட் ஆரம்பித்தான். எழுத்து செவ்வந்தி என்று சொல்லி, வாசிப்பு என்று தன் பெயரைச் சொல்வான். கேட்க ஆட்கள் வந்தார்கள். பக்கம் பக்கமாக எழுதினார்கள். ஆரலின் வலியை ஒரு பெண்ணால்தான் இப்படி எழுத முடியும் என்றார்கள். அவன் பூரித்துப்போனான். அப்புறம் யாரோ கேட்டார்கள். செவ்வந்தி மேடமே வாசிக்கலாமே, நடுவில் எதற்கு ஓர் ஆண் குரல்?

நல்ல வேடிக்கை என்று அவளை மைக் முன்னால் உட்கார வைத்தான்.

இப்போது தொடக்கத்தில் ஒரே வரி. எழுத்தும் குரலும் செவ்வந்தி.

அவன் தட்டச்சு செய்து தருகிறான். சத்தம் வராமல் பார்த்துக்கொள்கிறான். போன மாதம் ஒரு விழாவில் அவளுடன் மேடை ஏறப் போனவனை ஒருவர் தடுத்து, முன்வரிசையில் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார வைத்தார். மரியாதையாகத்தான் செய்தார். அவனுக்குத்தான் அழுகை வந்தது.

அன்றைக்கு வீடு திரும்பியதும் கடைசி அத்தியாயத்தை எழுதினான்.

ஆறு தூங்கும் கிணற்றில் ஆரல் இறங்குகிறாள். ஆறு விழிக்கிறது. அவளை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

ஆரல் செத்தால் கதை முடியும். கதை முடிந்தால் செவ்வந்தி என்ற எழுத்தாளருக்கும் வேலை முடியும். அடுத்த நாவல் அவன் பெயரில் வரும். அதன் முதல் வரிகூடத் தயாராக இருக்கிறது.

நேற்று தாள்களைப் படித்துவிட்டு அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"இவள ஏன் சாகடிச்சீங்க?"

கதைக்குத் தேவை என்றான். அவள் தாள்களை அடுக்கி வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

உள்ளே ஆரல் கிணற்றின் கடைசிப் படிக்கு வந்துவிட்டாள்.

செவ்வந்தி நிதானமாக வாசித்தாள். அவன் எழுதியபோது அந்தக் கிணறு இவ்வளவு ஆழமாக இல்லை.

இன்னும் கொஞ்சம்தான். அவன் உதடுகளும் அவளோடு சேர்ந்து அசைந்தன. ஆறு கண் திறந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. கழுத்துக்கு வந்தது.

அடுத்த வரியில் ஆரலுக்கு மூச்சு முட்ட வேண்டும்.

ஆரல் கையை நீட்டி ஆற்றின் பிடரியைப் பிடித்தாள், என்று வாசித்தாள் செவ்வந்தி.

அவன் உதடுகள் நின்றன.

அப்படி ஒரு வரியை அவன் எழுதவே இல்லை.

தவறாக வாசித்துவிட்டால் ஒருமுறை கைதட்டிவிட்டு அதே வாக்கியத்தை மறுபடி வாசிக்க வேண்டும். பிறகு பதிவை வெட்டித் திருத்தும்போது இடம் தெரியும். அவன்தான் அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தான். கைதட்டலுக்காகக் காத்திருந்தான்.

தட்டவில்லை.

ஆரல் ஆற்றின் முதுகில் ஏறிவிட்டாள். ஆறு ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டு கிணற்றுக்கு வெளியே வந்தது. நனைந்த கூந்தலைப் பிழிந்து முடிந்துகொண்டு அவள் வடக்கே பார்த்தாள். தாள் புரளும் ஓசை கேட்கவில்லை.

கோபத்தில் எழுந்து கதவின் கைப்பிடியைப் பிடித்தான். திறந்தால் போதும், பதிவு கெட்டுவிடும். இது என் கதை என்று கத்தலாம். கத்தினால் யார் நம்புவார்கள்? உள்ளே இருப்பது செவ்வந்தி. அட்டையில் இருப்பதும் செவ்வந்தி.

அந்த வரி வேறு நன்றாக இருந்து தொலைத்தது. பத்து வருடத்தில் அவனுக்கு அப்படி ஒன்று வந்ததில்லை.

உள்ளே அவள் குரலைத் தாழ்த்தினாள். மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ ஆரலைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

யார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

கைப்பிடியை விட்டான். மூச்சை அடக்கிக்கொண்டு, கதவில் காதை வைத்தான்.