கை படாத இடம்

விபத்துக்குப் பிறகு ரெஜினாவின் இடது கை விரல்கள் மடங்கவில்லை. கிட்டார் தந்தியை அழுத்த இனி அவற்றால் ஆகாது. வலது கையால் அழுத்தி இடது கையால் மீட்டிப் பார்க்கலாமென்று, வயலினைப் போல வயிறு உப்பிய பழைய கிட்டார் ஒன்றை வாங்கி, தந்திகளை இடம் மாற்றிக் கட்ட, வாத்தியங்கள் பழுது பார்க்கும் எட்வினிடம் கொடுத்திருந்தாள். கட்டி முடித்தவர் வார்னிஷ் டப்பாவைத் திறந்தார். கிட்டாரின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வார்னிஷ் போய் மரம் வெளுத்துத் தெரிந்தது.

"வழக்கமா மேல் ஓரந்தான் கை பட்டுத் தேயும். இது கீழ் ஓரம், கை படாத இடம். எங்கயோ உரசியிருக்கு. பூசிடுறேன்."

"பிடிச்சுப் பாத்துட்டுத் தரேண்ணே."

கிட்டாரைத் திருப்பி மடியில் வைத்தாள். கீழ் ஓரம் மேலே வந்தது. இடது முன்கையை அதன்மேல் வைத்தாள். எடுத்து, மறுபடி வைத்தாள். ஒவ்வொரு முறையும் கை அந்த வெளுத்த இடத்திலேயே போய் உட்கார்ந்தது. எட்வின் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"கை பட்டு இவ்வளவு தேய எத்தனை வருஷமாகும்?"

"இப்படித் திருப்பிப் பிடிச்சு தினமும் வாசிச்சா பத்து, பன்னெண்டு."

ரெஜினா வலது கை விரலால் ஒரு தந்தியை அழுத்தி மீட்டினாள். கர்ரென்றுதான் வந்தது.

"பூச வேண்டாண்ணே" என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.