ஓடிப்போனவன் வம்சம்

"ஓடிப்போனவன் வம்சத்துக்கெல்லாம் இந்தச் சங்கத்துல இடம் கிடையாதும்மா!"

கார்லீன் ப்ராத்தர் விண்ணப்பத்தை மேஜையில் போட்டாள். கென்டக்கியில் அந்த ஊரின் அமெரிக்க விடுதலைப் போர் வீரர் வாரிசுகள் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். முப்பது பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, எதிரே நெவா டில்லார்ட் நின்றிருந்தாள்.

"உங்க முப்பாட்டன் டோபியாஸ் எல்லைக் காவல் படையில இருந்தது நிஜம். 1781ல சொல்லாம கொள்ளாம கோட்டையை விட்டு ஓடினதும் நிஜம். படைப் பட்டியல்லயே எழுதியிருக்கு. பார்க்கலியா நீங்க?"

"பார்த்தேங்க."

"பார்த்துட்டுமா வந்தீங்க? தைரியம்தான்! அந்தக் கோட்டைக்கே கேப்டன் எங்க முப்பாட்டனார் ஏசா ப்ராத்தர். அவர் பேருக்குப் பக்கத்துல இவன் பேரா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நெவா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கார்லீனின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த வாரம் கேப்டன் ஏசாவுக்கு நினைவுக்கல் திறப்பு. பேச்சுக்குக் குறிப்பெடுக்க கார்லீன் மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். பெட்டிக்குள், அதே படையில் இருந்த சிப்பாய் ஒருவன் வயதான காலத்தில் கொடுத்த வாக்குமூலம் இருந்தது.

'பிடித்து வைத்திருந்த ஷானி பழங்குடிப் பெண்களையும் பிள்ளைகளையும் மறுநாள் வெட்டிப்போடச் சொன்னார் கேப்டன் ஏசா. டோபியாஸ் டில்லார்ட் கதவைத் திறந்துவிட்டு, ஒன்பது பேரையும் ஆற்றுக்கு அக்கரை சேர்த்தான். பிறகு அவன் திரும்பவேயில்லை.'

கார்லீன் அதை இரண்டு முறை படித்தாள்.

சுற்றுமுற்றும் பார்த்தாள். தாளைப் பெட்டியின் அடியில் செருகினாள். செருகிய கையைப் பார்க்க அவளுக்கே வெட்கமாயிருந்தது. ஆனாலும் வெளியே எடுக்கவில்லை.

"இந்தப் பெட்டியை வேற யாராவது பார்த்திருக்காங்களா?" என்று ஊழியரிடம் மெதுவாகக் கேட்டாள்.

அவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"ஒரே ஒருத்தர், மேடம். நாலஞ்சு மாசம் முன்னாடி, மார்ச்சுல. டில்லார்ட்னு ஒரு அம்மா. ஒரு வாக்குமூலத்தைப் பிரதி எடுத்தாங்க. 'இதைச் சங்கத்துல காட்டுங்க, உடனே சேர்த்துக்குவாங்க'ன்னேன். 'வேணாங்க, அந்தச் செயலாளரம்மா ஊர்ல தலைநிமிர்ந்து நடக்கிறவங்க, நடக்கட்டும்'னுட்டு, பிரதியை என் கண்ணு முன்னாலயே கிழிச்சுப் போட்டுட்டாங்க."