மொழி எதற்கு?

டைரக்டர் எடுத்த குறும்படத்துக்குப் பரிசுமேல் பரிசு. பாஷை தெரியாத வேலைக்காரப் பெண்ணும் வீட்டுக்காரம்மாவும் மனத்தால் ஒன்றாகிற கதை. ஒரு நிஜ வீட்டுக்காரம்மாவையும் அவர் வீட்டு நிஜ வேலைக்காரியையுமே நடிக்க வைத்திருந்தார்.

டிவியில் போட, அந்தப் பெண்ணின் பேச்சுக்குத் தமிழ்க் குரல் வேண்டுமாம். தமிழ் தெரிந்த அவள் ஊர்க்காரி ஒருத்தியை டப்பிங்குக்கு வரவழைத்திருந்தார்.

திரையில் கடைசிக் காட்சி. வேலைக்காரப் பெண் கேமராவைப் பார்த்து அழுதபடி பேசினாள். வீட்டுக்காரம்மா அவள் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

மைக் முன்னால் நின்றவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா சிலையா நின்னுட்டே? பேப்பர்ல இருக்கறதைப் படி. 'நீங்க எனக்கு அம்மா மாதிரி.'"

"இது யார் எழுதினது சார்?"

"நான்தான். ஷூட்டிங்ல அவகிட்ட, மனசுல பட்டதை உன் பாஷையிலயே பேசுன்னு சைகை காட்டி விட்டேன். அழுகையிலேயே அர்த்தம் தெரிஞ்சுபோச்சே!"

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

"'என்னை வெளியே விடாம பூட்டி வச்சிருக்காங்க. என் பாஷை புரிஞ்சவங்க யாராவது வந்து கூட்டிட்டுப் போங்க.' இதைத்தான் சார் திரும்பத் திரும்பச் சொல்றா."

படம் எடுத்து இரண்டு வருஷமாகிறது. டைரக்டர் உடனே வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டார்.

"நம்ம படத்துல நடிச்ச பொண்ணுகிட்ட கொஞ்சம் பேசணும்மா."

"அவளா? அப்பவே ஊருக்குப் போயிட்டாளே தம்பி!"

அந்தக் குரலுக்குப் பின்னால், ஏதோ மூடிய கதவுக்கு அப்பாலிருந்து, ஒரு பெண் கத்துவது கேட்டது. எடிட்டிங்கில் அவர் நூறு தடவை போட்டுப் போட்டு ரசித்த அதே வார்த்தைகள்.

இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.